மூக்கும் மிடறும்: இயல்பும் வேறுபாடும்

நுழையும்முன்

ஒருவர் முகம்போல் மற்றொருவர் முகம் இருப்பதில்லை. முகத்தின் உள்ளே, மூக்குத் துளைகளுக்குப் பின்னாலும் நாவின் அடிக்குக் கீழும் அமைந்த உறுப்புகளும் அவ்வாறே ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளுள் பெரும்பாலானவை எத்துன்பமும் தராதவை. சில, மூச்சையும் பேச்சையும் பாதிப்பவை. மிகச் சில, உரிய காலத்தில் அறியப்படாவிடில் உயிருக்கே இடர் விளைவிப்பவை. இவற்றைப் பிரித்தறிய உதவும் செய்திகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இலக்கணம் காட்டும் எட்டு இடங்கள்

தமிழின் மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியம், எழுத்தொலிகள் பிறக்கும் முறையைப் பிறப்பியல் என்னும் தனி இயலில் விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு ஒலிகளாகிறது என்பது அந்நூலின் கருத்து. பிற்காலத்து நன்னூல், வல்லினத்திற்கு நெஞ்சையும் மெல்லினத்திற்கு மூக்கையும் இடையினத்திற்கு மிடற்றையும் இடமாகக் கூறுகிறது.

மெல்லினத்திற்கு மூக்கு இடமாவது எவ்வாறு என்பதை இன்றைய உடற்கூற்றியல் தெளிவுபடுத்துகிறது. வாயின் மேற்கூரையாகிய அண்ணத்தின் முன்பகுதி எலும்பாலானது, அது வல்லண்ணம். பின்பகுதி தசையாலானது, அது மெல்லண்ணம். மெல்லண்ணத்தின் நுனியில் தொங்குவதே உள்நாக்கு. மெல்லண்ணம் ஒரு கதவுபோல் இயங்குகிறது. ப, ட, க போன்ற வல்லின ஒலிகளை எழுப்பும்போது அது மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்கிற்குச் செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. காற்று வாய்க்குள் அழுத்தம் பெற்று வெடிப்புடன் வெளியேறுகிறது. ம, ண, ன போன்ற மெல்லின ஒலிகளுக்கு அக்கதவு தாழ்கிறது; காற்று மூக்கின் வழியே செல்கிறது.

மூக்கை விரல்களால் இறுக மூடிக்கொண்டு ‘மணி’ என்று சொல்ல முயன்றால், அது ஏறத்தாழ ‘படி’ போல ஒலிக்கும். சளி பிடித்தவரின் பேச்சு மாறுவதற்கும் இதுவே காரணம். இதற்கு நேர்மாறாக, மெல்லண்ணக் கதவு மூடாத ஒருவர் ‘படி’ என்று சொல்ல முயன்றால், காற்று மூக்கின்வழிக் கசிந்து ‘மணி’ போல ஒலிக்கும். நாவும் அறிவும் குறைவின்றி இருந்தும், சொல்ல நினைத்த சொல் வேறு சொல்லாகக் கேட்பதற்கு உறுப்பின் சிறிய வேறுபாடே போதுமானது.

மூக்கினுள் காணும் வேறுபாடுகள்

மூக்கை இரு துளைகளாகப் பிரிக்கும் இடைச்சுவர், முன்பகுதியில் குருத்தெலும்பாலும் பின்பகுதியில் எலும்பாலும் ஆனது. இச்சுவர் நேராக நடுவில் நிற்பதாகவே பாடநூற் படங்கள் காட்டும். உண்மையில், வளர்ந்த மனிதருள் பெரும்பாலோரிடம் அது ஓரளவேனும் ஒருபக்கம் சாய்ந்தே காணப்படுகிறது. பேச்சுவழக்கில் ‘மூக்குத்தண்டு வளைவு’ எனப்படுவது இதுவே. வளைவு இருக்கிறது என்பதால் மட்டுமே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. மூச்சுவிட இயலாத அளவு அடைப்பு, அடிக்கடி வரும் காற்றறை அழற்சி போன்ற துன்பங்கள் தொடர்ந்தால்தான் அறுவை மருத்துவம் பற்றி எண்ண வேண்டும்.

மூக்கு அடைத்திருப்பதாகத் தோன்றுவது எல்லாம் நோயும் அன்று. மூக்கின் பக்கச் சுவர்களிலிருந்து சுருள் வடிவ எலும்புகள் உள்நோக்கி நீண்டுள்ளன. அவற்றைப் போர்த்தியிருக்கும் மென்படலத்தில் குருதி நிறைந்தால் அது தடிக்கும், வடிந்தால் மெலியும். ஒரு பக்கம் தடித்திருக்கும்போது மறுபக்கம் மெலிந்திருக்கும். சில மணி நேரத்தில் இந்நிலை மாறும். மூச்சு ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறி ஓடுவதைச் சித்தர் மரபு இடகலை, பிங்கலை என்னும் பெயர்களால் குறித்தது. செருமானிய மருத்துவர் ரிச்சர்டு கைசர் இச்சுழற்சியை 1895ஆம் ஆண்டில் மருத்துவ நோக்கில் விவரித்தார். எனவே, ஒரு துளை சற்று அடைத்தும் மறுதுளை திறந்தும் இருப்பது பலருக்கு இயல்பான நிலையே.

மூக்கைச் சூழ்ந்த எலும்புகளுக்குள் சைனஸ் எனப்படும் காற்றறைகள் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. அவற்றுள் நெற்றிக் காற்றறைகள் பிறந்த பின்னரே உருப்பெற்று, பதின்பருவ இறுதிவரை வளர்கின்றன. சிலருக்கு அவை ஒருபக்கம் மட்டுமே உண்டாகும். சிலருக்கு இருபக்கமும் உண்டாவதேயில்லை. ஒருவருடைய நெற்றிக் காற்றறையின் விளிம்பு மற்றொருவருடையதைப்போல இருப்பதில்லை. அடையாளம் தெரியாத மண்டையோட்டின் எக்ஸ் கதிர்ப் படத்தை, அவர் உயிருடன் இருந்தபோது எடுத்த படத்துடன் ஒப்பிட்டு இன்னார் எனக் கண்டறிவதற்குத் தடயவியல் அறிஞர்கள் இவ்வேறுபாட்டைப் பயன்படுத்துகின்றனர்.

மூக்கில் காணும் வேறுபாடுகளுள் காலம் தாழ்த்தாது கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. மூக்கின் பின்வாயில் திறவாமல், எலும்பாலோ சவ்வாலோ அடைபட்ட நிலையில் சில குழந்தைகள் பிறக்கின்றன. ஏறத்தாழ 7000 முதல் 8000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் இது நிகழ்கிறது. பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சுவிடும். ஆகவே, பின்வாயில் இருபக்கமும் அடைபட்ட குழந்தை, பால் அருந்தும்போது மூச்சுத் திணறி நீலம் பாய்கிறது. வீறிட்டு அழும்போது வாய்வழிக் காற்று புகுந்து மீண்டும் சிவக்கிறது. அழுகை நின்றால் நீலமும் அழுதால் சிவப்பும் மாறிமாறித் தோன்றுவதே மருத்துவருக்கு முதற்குறிப்பாகும். உடனே வாய்வழி மூச்சுக்கு வகை செய்து, பின்னர் அறுவையால் வழி திறப்பர். ஒருபக்கம் மட்டும் அடைபட்டிருந்தால், அது பல ஆண்டுகள் வரை அறியப்படாமலே இருந்துவிடுவதும் உண்டு.

இதழ், அண்ணம், உள்நாக்கு

கருவில் முகம் ஒரே துண்டாகத் தோன்றுவதில்லை. பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் வளரும் திசுக்கள் நடுவில் வந்து இணைவதால் அது உருவாகிறது. மேலுதடு ஏறத்தாழ நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையிலும், அண்ணம் ஏறத்தாழ ஆறாம் வாரத்திற்கும் ஒன்பதாம் வாரத்திற்கும் இடையிலும் இணைகின்றன. அவ்விணைப்பு முழுமை பெறாதபோது உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டாகின்றன. உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று இவ்வகைப் பிளவுடன் அமைகிறது.

கருவுற்ற தாய் கிரகணத்தின்போது வெளியே வந்தமையால் குழந்தையின் உதடு பிளந்தது என்னும் நம்பிக்கை நாட்டில் இன்றும் உள்ளது. ஞாயிறும் திங்களும் மறைவதற்கும் கருவின் உதட்டிற்கும் எத்தொடர்பும் இல்லை. மரபணுக்களும் புறக்காரணிகளும் சேர்ந்தே பிளவை உண்டாக்குகின்றன. தாயின் புகைப்பழக்கம், கருவுறுவதற்கு முன்பே இருந்த நீரிழிவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியன அதற்கான வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பல குழந்தைகளிடம் தனியொரு காரணத்தைச் சுட்ட இயல்வதில்லை. கிரகணக் கதையால் விளையும் தீங்கு பெரிது. தன் தவறே குழந்தையின் குறைக்குக் காரணம் என்று தாய் நொந்துகொள்கிறாள். விதி என்று குடும்பம் இருந்துவிடுகிறது. மருத்துவத்திற்குரிய காலம் கடந்துவிடுகிறது.

உதட்டுப் பிளவைக் குழந்தைக்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதம் ஆகும்போது தைத்துச் சீராக்குவர். அண்ணப் பிளவைப் பொதுவாக முதலாண்டின் இறுதியை ஒட்டி, பேச்சு உருவாவதற்கு முன்னரே மூடிவிட முயல்வர். காலம் கடந்தால், குழந்தை வல்லின ஒலிகளை வாயில் எழுப்பக் கற்காமல், மிடற்றிலேயே காற்றைத் தடுத்து எழுப்பும் பழக்கத்தைப் பெற்றுவிடும். பின்னர் அண்ணத்தை மூடினாலும் அப்பழக்கம் தானே மறைவதில்லை. பேச்சுப் பயிற்சியாளரின் துணையுடன் ஒவ்வோர் ஒலியாக மீண்டும் கற்க வேண்டியிருக்கும்.

வெளிப்படையான பிளவைவிட, மறைந்திருக்கும் பிளவு எளிதில் ஏமாற்றிவிடும். நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம் உள்நாக்கு பாம்பின் நாப்போல இரண்டாகப் பிரிந்திருக்கும். அவர்களுள் பெரும்பாலோர் அதனை அறியாமலே நலமாக வாழ்கின்றனர். சிலரிடம் மட்டும், பிளவுபட்ட உள்நாக்கு மேலே உள்ள மற்றொரு குறையைக் காட்டும் அடையாளமாக அமைகிறது. மேற்புறத் தோல் மூடியிருக்க, அதனடியில் மெல்லண்ணத்தின் தசைகள் நடுவில் இணையாமல் இருக்கும் நிலை அது. பிரிந்த உள்நாக்கு, அண்ணத்தின் நடுவில் ஒளி ஊடுருவும் மெல்லிய பகுதி, வல்லண்ணத்தின் பின்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் வெட்டு ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள் என்று ஜேம்ஸ் கால்னன் என்னும் அறுவை மருத்துவர் 1954ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

இந்நிலையுள்ள குழந்தையின் மூக்குக்குப் பின்புறம் உள்ள அடினாய்டு என்னும் திசு பருத்திருந்தால், குறுகிய மெல்லண்ணம் அதன்மீது சாய்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். பேச்சு ஓரளவு தெளிவாகவே இருக்கும். குறட்டைக்காகவோ காது நோய்க்காகவோ அடினாய்டை முழுவதும் அகற்றிவிட்டால், கதவு சாய்வதற்கு இருந்த இடம் இல்லாமற் போகிறது. அதுவரை தெளிவாகப் பேசிய குழந்தை மூக்கால் பேசத் தொடங்குகிறது. எனவேதான் அவ்வறுவைக்கு முன் மருத்துவர் உள்நாக்கைப் பார்த்தும் அண்ணத்தைத் தடவியும் ஆராய்கிறார். சில நொடிகளே ஆகும் இந்த ஆராய்ச்சி ஒரு குழந்தையின் பேச்சைக் காக்கிறது.

மிடறும் குரலும்

மூச்சுக்குழலின் தலைப்பகுதியே குரல்வளை. அதற்குள் குரல்நாண்கள் இரண்டு உள்ளன. விழுங்கும்போது உணவு அவ்வழியில் புகாதவாறு குரல்வளை மூடி தடுக்கிறது. சில குழந்தைகளிடம் இம்மூடி உயரமாக அமைந்து, வாயை அகலத் திறக்கும்போது நாவின் அடியில் வெண்ணிறப் பிறைபோலத் தெரியும். கட்டியோ என்று பெற்றோர் அஞ்சுவர். அது தீங்கற்ற வேறுபாடு. வளர வளரக் கண்ணுக்கு மறைந்துவிடும்.

பிறந்த சில நாள்களில் அல்லது வாரங்களில், மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் கீச்சொலி எழுப்பும் குழந்தைகளும் உள்ளனர். குரல்வளையின் குருத்தெலும்புகள் உறுதியற்று உள்நோக்கிச் சரிவதே இதற்குப் பெரிதும் காரணம். பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு வயதை எட்டுவதற்குள் இது தானே சரியாகிறது. பால் குடிக்க இயலாமை, எடை ஏறாமை, மூச்சு இடைநிற்றல், நீலம் பாய்தல் ஆகியவை இருந்தால் மட்டும் மருத்துவம் உடனே தேவைப்படும்.

பதின்பருவத்தில் ஆண்களின் குரல்வளை விரைந்து வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு தாயி அளவு தாழ்கிறது. இதனையே ‘மகரக்கட்டு உடைதல்’ என்று தமிழர் வழங்குவர். சிலருக்கு உறுப்பு முழுமையாக வளர்ந்த பின்னரும் பழைய உயர்ந்த குரலே நிலைத்துவிடுகிறது. வளர்ந்த கருவியைப் பழைய முறையிலேயே இயக்கும் பழக்கமே இதற்குப் பெரும்பாலும் காரணம். குரல்நாண்களுக்கிடையே பிறவியிலேயே அமைந்த சவ்வு, வளரூக்கிக் குறைபாடு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதை மருத்துவர் முதலில் உறுதி செய்துகொள்வார். பிறகு முறையான குரற்பயிற்சியால் இயல்பான குரலைப் பெற இயலும். வகுப்பறையிலும் தெருவிலும் கேலிக்கு அஞ்சி, விடை தெரிந்தும் எழுந்து சொல்லாத மாணவர், பாட அழைத்தும் மறுக்கும் மாணவர் பலருக்கு இவ்வாய்ப்பு இருப்பதே தெரிவதில்லை.

தெரிந்து தெளிவோம்

உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் இயங்குவதைக் கண்டு விரிவாக விளக்கிய முன்னோடி ஓர் இசையாசிரியர். மனுவேல் கார்சியா என்னும் அவர் 1854ஆம் ஆண்டில், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் ஞாயிற்றின் ஒளியை அதன்மீது செலுத்தித் தம் குரல்நாண்களையே கண்டார். அடுத்த ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின்முன் தம் ஆய்வை அளித்தார். குரல்வளையை நோக்கும் மருத்துவமுறை வளர்வதற்கு அது வழிவகுத்தது.

இடம் மாறிய உறுப்புகள்

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறத்தில் உள்ளது. கருவில் அது தோன்றுமிடம் நாவின் அடிப்பகுதி. அங்கிருந்து கீழிறங்கியே கழுத்தை அடைகிறது. மிக அரிதாக, அது இறங்காமல் நாவின் அடியிலேயே தங்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு அது ஒரு கட்டியாகவே தோன்றும். அவ்வாறு தங்கியவர் பலரின் உடலில் உள்ள தைராய்டு திசு அது ஒன்றே. கழுத்தில் வேறு சுரப்பி உள்ளதா என்று ஆராயாமல் அதனை வெட்டி எடுத்துவிட்டால், அவர் வாழ்நாள் முழுதும் தைராய்டு மாத்திரையை நம்பியிருக்க நேரிடும்.

குரல்நாண்களை இயக்கும் நரம்பின் பாதையும் வியப்புக்குரியது. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பிலிருந்து பிரியும் அக்கிளை, நேரே குரல்வளைக்குச் செல்வதில்லை. இடப்பக்கத்தில் மார்புக்குள் இறங்கிப் பெருந்தமனியின் வளைவைச் சுற்றியும், வலப்பக்கத்தில் கழுத்தின் அடியில் கைக்குச் செல்லும் தமனியைச் சுற்றியும் மீண்டும் மேலேறி வருகிறது. நூற்றுக்கு ஒருவர் அல்லது அதனினும் குறைவானோரிடம், வலப்பக்கத் தமனி வழக்கமான இடத்தில் அமையாமையால், நரம்பு கீழிறங்காமல் குறுக்கே நேராகக் குரல்வளையை அடைகிறது. அவர்கள் வாழ்வில் இதனால் எந்த மாறுதலும் இல்லை. தைராய்டு அறுவையின்போது மட்டும், எதிர்பாராத இடத்தில் கிடக்கும் அந்நரம்பு அறுபட்டுக் குரல் கெடும் வாய்ப்பு உண்டு. அதனால், நரம்பைக் கண்ணால் கண்ட பின்னரே அருகிலுள்ள திசுக்களை வெட்டுவது தேர்ந்த மருத்துவர் கொள்ளும் நெறி.

காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோல் நீளும் எலும்பு ஒன்று உள்ளது. அதன் வழக்கமான நீளம் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை. சிலரிடம் அது இன்னும் நீண்டிருக்கும். அவர்களுள் பெரும்பாலோருக்கு எத்தொல்லையும் இல்லை. மிகச் சிலருக்கு மட்டும், தொண்டையில் முள் சிக்கியது போன்ற உணர்வும், விழுங்கும்போதும் கழுத்தைத் திருப்பும்போதும் வலியும் உண்டாகும். அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் 1937ஆம் ஆண்டில் இதனை விவரித்தமையால், இந்நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. தொண்டையைப் பார்த்தால் புண்ணோ வீக்கமோ தெரிவதில்லை. அதனால் இவ்வலியைக் கற்பனை என்று பிறர் தள்ளிவிடுவதும் உண்டு. எக்ஸ் கதிர்ப் படமோ சி.டி. ஸ்கேனோ எடுத்தால்தான் நீண்ட எலும்பு வெளிப்படும்.

அறிதலும் அணுகுதலும்

இவ்வேறுபாடுகளை எண்ணிப் பார்க்கும்போது, வேறுபாடு வேறு, நோய் வேறு என்பது தெளிவாகும். வளைந்த இடைச்சுவரும் பிரிந்த உள்நாக்கும் நீண்ட எலும்பும் பலரிடம் உள்ளன. அவர்களுக்கு மருந்து வேண்டியதில்லை. அதே உறுப்புகள் மூச்சையோ உணவையோ பேச்சையோ தடுக்கும்போதும், அறுவைக்கு உட்படும்போதும் அவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது. ஆகவே, ஸ்கேன் அறிக்கையில் காணும் ஒவ்வொரு சொல்லுக்கும் அஞ்சி அறுவையை நாடுவதும் பிழை. தொடரும் அறிகுறியைப் பொருட்படுத்தாமல் விடுவதும் பிழை. மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் தொடரும் தடை, ஒரே மூக்குத் துளையில் நீங்காத அடைப்பு அல்லது குருதிக் கசிவு, பால் அருந்தும்போது மூக்குவழிப் பால் வெளியேறும் குழந்தை ஆகியோரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.

மூக்கால் பேசுபவரையும், கம்மிய குரலுடையவரையும், குரல் உடையாத இளைஞரையும் பட்டப்பெயரிட்டு அழைப்பது பள்ளிகளில் எளிதாக நிகழ்கிறது. அவர்கள் பேச்சின் மாறுதலுக்குக் காரணம் சோம்பலோ அறிவுக் குறைவோ அன்று. கருவில் சில வாரங்களில் நிகழ்ந்த ஓர் இணைப்பின் குறை, ஒரு சவ்வு, அல்லது மாறாத பழக்கம். அவற்றுள் பலவற்றிற்கு மருத்துவமும் பயிற்சியும் உள்ளன. பேசத் தயங்கும் ஒருவரை முழுமையாகப் பேசவிட்டுப் பொறுமையுடன் கேட்பது, அவர் அம்மருத்துவத்தை நாடிச் செல்வதற்கு உடன் பயில்வோர் செய்யக்கூடிய முதல் உதவியாகும்.

கற்பவை கற்றபின்…

1. மூக்கைத் திறந்தும் மூடியும் ‘மணி’, ‘படி’, ‘நாடு’, ‘வயல்’ ஆகிய சொற்களை ஒலித்து, எச்சொற்கள் மாறுகின்றன, எவை மாறவில்லை என்பதைப் பட்டியலிட்டு, காரணத்தை விளக்குக.

2. கிரகணம் பற்றிய நம்பிக்கைகளை உங்கள் பகுதியில் கேட்டறிந்து, அவற்றிற்கு அறிவியல் தரும் விளக்கத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘வேறுபாடு வேறு, நோய் வேறு’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.